மூடுபனி என்று எழுதிய பதினோரு மாதம்

என் வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு காகிதம். காதல் கடிதமோ ஓட்டல் ரசீதோ இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களின் பட்டியல். அதில் பூ, பழம் என்ற இரண்டு கட்டத்திலும் மேலிருந்து கீழ்வரை முட்டை முட்டையாகப் போட்டு வைத்திருந்தார்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். மலையடிவாரத்தில் மழைக்காட்டு ஆய்வு மையம். அவருக்குக் காடு, எனக்குக் கம்ப்யூட்டர். மாதம் பிறந்ததும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலையின் மேல்பாதியில் இருக்கும் மேல்தடத்துக்கு ஏறிப் போவார். எண் தகடு அடித்த ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்ப்பார். தளிர் எவ்வளவு, பூ எவ்வளவு, பழம் எவ்வளவு என்று சைபரிலிருந்து நாலு வரை மதிப்பெண் போடுவார். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மரங்களுக்கு மார்க் போட்டே பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டார். ஆபீஸில் அவருக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர். அவர் கொண்டுவரும் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிபார்ப்பது நான்.

எங்கள் வேலையில் ஒரே ஒரு விஷயம் கண்டிப்பு. சைபர் வேறு, கோடு வேறு. மரத்தைப் பார்த்தேன், பழம் இல்லை என்றால் சைபர். மூடுபனியாலோ மழையாலோ பார்க்கவே முடியவில்லை என்றால் கோடு, பக்கத்தில் காரணம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் இதைப் பத்துத் தடவை சொல்லிக் கொடுப்பேன். மாற்றிப் போட்டுவிட்டால் என் வாயில் விழுந்து புறப்படுவார்கள்.

முதல் மாதம் முட்டையைப் பார்த்தபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில மாதங்களில் பழம் குறையும். இரண்டாம் மாதமும் அப்படியே வந்தது. மூன்றாம் மாதத் தாளை மேஜையில் விரித்தபோது எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பதினாலு வருஷமாக இந்தத் தாள்களை ஏற்றுகிறேன். மேல்தடத்தில் எந்தக் காலத்திலும் நாற்பது ஐம்பது மரத்திலாவது பழம் இருக்கும். அடிவாரத்துக் கீழ்த்தடத்தைப் பார்க்கும் ஆளின் தாளில் குறைவாக என்றாலும் ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டுதான் இருந்தது. இவர் தடத்தில் மட்டும் எல்லா மரமும் சேர்ந்து வேலைநிறுத்தமா? அந்த முட்டைகளும் ஒரே அளவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் உட்கார்ந்து போட்டவைபோல இருந்தன. எங்கேயோ நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வருகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்படியானால் ஆள் எங்கே போகிறார்? அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒன்பது நாளில் முடிக்கிற சுற்று இப்போது பதின்மூன்று நாள் ஆயிற்று. மூன்று மணிக்கு வீடு திரும்புகிறவர் இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். ஒரு டப்பா சாப்பாடு போதாது, இன்னொன்று கட்டு என்றார். யாருக்கு என்று கேட்டேன். எனக்குத்தான் என்றார், முகத்தைப் பார்க்காமல். போதாக்குறைக்குச் சட்டைக் காலரில் தைல வாடை. எங்கள் வீட்டில் அந்தத் தைலம் கிடையாது. யாரோ கழுத்தில் தேய்த்துவிட்டது மாதிரி, பின்பக்கம் மட்டும் எண்ணெய்க் கறை.

அடுத்த தெருவில் இருக்கும் என் அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் ஏற்கெனவே எல்லார் வீட்டுப் பாத்திரத்தையும் திறந்து பார்க்கிறவள். ஐம்பதை நெருங்குகிற ஆம்பளைக்குத் திடீரென்று பசி அதிகமானால் அது வயிற்றுப் பசி இல்லை என்றாள். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் பெண்மணியைப் பற்றி விசாரித்தாள். அந்தம்மாவுக்கு எழுபது வயது என்றேன். அக்காவுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் விடாமல், அப்படியானால் வேறு யாராவது இருப்பார்கள் என்றாள். நான் வீட்டுக்கு வந்து அவருடைய பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். பென்சில், அட்டைப்பூச்சிக்கு வைத்திருந்த உப்புப் பொட்டலம், மழைச்சட்டை. பையின் உள்ஜிப்பில் டவுன் கிளினிக் ஒன்றின் சீட்டு. கிளினிக் பெயர் மட்டும்தான் இருந்தது. என்னிடம் சொல்லாமல் என்ன டாக்டர், யாருக்கு டாக்டர்?

நேரே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு தடவை சுற்றி வளைத்துக் கேட்டேன். காடு எப்படி இருக்கிறது என்றேன். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் பதில் வரும். எந்த மரத்தில் எந்தக் குரங்கு எந்தக் குரங்கை அடித்தது என்பது வரைக்கும் சொல்வார். அன்றைக்கு, என்னத்தைச் சொல்ல, என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். குற்றமுள்ள மனசு என்று நான் அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அந்த வருஷம் குரங்குகள் எங்கள் தெருவுக்கே இறங்கி வந்து குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தன. ஊரே அவற்றைத் திட்டியது. நானும் துடைப்பத்தோடு விரட்டினேன். ஏன் வருகின்றன என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான்தான் என் வீட்டுக்காரர் பின்னால் மனசை அலையவிட்டுக்கொண்டிருந்தேனே.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடம் முழுக்கத் தொடர்ந்து மூன்று மாதம் சைபர் வந்தால் எங்கள் கம்ப்யூட்டர் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கி நேரே டைரக்டர் மேடத்துக்கு அனுப்பிவிடும். இது நடக்குமா, போய்ப் பாருங்கள் என்று அர்த்தம். மேடம் ஆளை அனுப்பினால் இவர் குட்டு வெளிப்பட்டுவிடும். பத்தொன்பது வருஷ வேலை ஒரே நாளில் போய்விடும். மனுஷன் எவ்வளவு பொய்யராக இருந்தாலும் என் மனுஷன். அதனால் அத்தனை சைபரையும், தளிருக்குப் போட்டிருந்த மதிப்பெண்ணையும் சேர்த்து, நான் கோடாக மாற்றினேன். பக்கத்தில் மூடுபனி என்று தட்டினேன். கோட்டுக்குச் சிவப்பு வராது. அசல் தாள்களை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பீரோவில் அடுக்கிப் பூட்டினேன். பதினோரு மாதம் இப்படியே பூசி மெழுகினேன். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், இருநூற்றுப் பன்னிரண்டு மரத்தையும் யாருமே பார்க்கவில்லை என்று மாதாமாதம் எழுதினேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வருஷக் கணக்கு எடுக்கும்போது டைரக்டர் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். மேஜையில் இரண்டு தாள். ஒன்று நான் ஏற்றிய பழக் கணக்கு. இன்னொன்று மேல்தடத்து வானிலைக் கருவியின் கணக்கு. அதையும் நான்தான் ஏற்றுகிறேன்.

"பதினோரு மாசமா உங்க வீட்டுக்காரர் தடத்துல மூடுபனின்னு இருக்கு," என்றார். "கருவியில பாதி நாள் பளிச்சுன்னு வெயில். அவர் மேல போறாரா, இல்லையா? நீங்களே சொல்லுங்க."

கோடு போட்டது நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் போட்டீர்கள் என்று கேட்பார். இவர் மலைக்குப் போகவே இல்லை என்று நினைத்ததால் போட்டேன் என்று சொல்ல வேண்டிவரும். எப்படிச் சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும் என்று தோன்றியது. பயத்திலும், அந்தக் கிளினிக் சீட்டின் மேல் இருந்த ஆத்திரத்திலும், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். கட்டின பெண்டாட்டியே சொன்ன பிறகு அவருக்கு வேறு சாட்சி எதற்கு? திங்கட்கிழமை காலை என் வீட்டுக்காரரை நேரில் வரச் சொல்லி ஒரு கடிதம் போயிற்று. விசாரணை என்று அதில் எழுதியிருக்கவில்லை. மேல்தடத்துப் பழக் கணக்கு தொடர்பாக என்று மட்டும் இருந்தது. வேலை போகப்போகிறது என்பது மேடத்துக்கும் எனக்கும் தெரியும். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வை என்றார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். எவளாக இருந்தாலும் இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. அவர் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்துக் கிளம்பினேன். டீக்கடையில் அவர் நிற்கவில்லை என்று அந்தம்மா சொன்னார். மலைப்பாதையில் அவருடைய பூட்ஸ் தடம் மேலே போயிருந்தது. அதுவே எனக்கு முதல் ஏமாற்றம்.

பதினாலு வருஷமாக அந்த மரங்களை எண்களாகத்தான் எனக்குத் தெரியும். மூச்சு இரைக்க ஏறி முதல் தகட்டைப் பார்த்தபோது, அட, இதுதானா நீ என்று தோன்றியது. காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டபடி நடந்தேன். நாற்பத்தோராம் எண் மரத்தடியில் அவர் தெரிந்தார். பலகைபோல் விரிந்து நின்ற ஒரு வேருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன்.

தனியாகத்தான் இருந்தார். மரத்தின் நான்கு பக்கமும் மாறி மாறி நின்று பைனாகுலரில் பார்த்தார். பிறகு மழைச்சட்டையைத் தரையில் விரித்து மல்லாந்து படுத்துப் பார்த்தார். எழுந்து பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துத் தன் கழுத்தில் தானே தைலம் தேய்த்துக்கொண்டார். அதன் பின் முட்டி போட்டு, மரத்தடிச் சருகைக் கையால் விலக்கி விலக்கித் தேடினார். ஒரு தோலாவது, கடித்துப் போட்ட கொட்டையாவது கிடைக்குமா என்று தேடுகிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசியில் தாளை எடுத்து ஒரு முட்டை போட்டார். பத்து நிமிஷத்தில் முடிகிற மரத்துக்கு அரை மணி நேரம். அடுத்த மரத்திலும் அதேதான். ஆறு மரம் வரைக்கும் நான் ஒளிந்து ஒளிந்து பின்னால் போனேன். பழம் இருக்கிறது என்று எழுத ஒரு பழம் கண்ணில் பட்டால் போதும். இல்லை என்று எழுத ஒவ்வொரு கிளையையும் பார்த்தாக வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமா? நேரமான காரணமும் இரண்டாவது டப்பாவும் அந்த மரத்தடியில் கிடந்தன.

"எத்தனை மரமாப் பின்னாடி வர்றே?" என்றார், திரும்பாமலே.

"ஆறு," என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. பைனாகுலரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "உன் கண்ணு நல்லா இருக்கும். மேல ஏதாவது தெரியுதா, பாரு."

பார்த்தேன். இலை, கொடி, வெளிச்சம். "ஒண்ணும் இல்லைங்க."

"அந்தப் பக்கத்துக் கிளையில? அவசரப்படாதே."

நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்த்தேன். பூ இல்லை, காய் இல்லை, பழம் இல்லை. இல்லை என்று மறுபடி சொன்னேன். அவர் அப்படியே வேர்மேல் உட்கார்ந்துவிட்டார். தன் கண் போய்விட்டது என்று இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்தாராம். மேலே போகிறவர்களுக்குக் கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் இறக்கி ஸ்டோர் ரூமில் போட்டுவிடுவார்கள். அதனால் யாரிடமும் மூச்சு விடாமல் டவுனில் டாக்டரிடம் காட்டினாராம். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியும் நம்பவில்லையாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அப்ப நிஜமாவே இல்லை," என்றார்.

மேல்தடத்து மரங்களுக்கு வருஷத்தில் சில ராத்திரியாவது நல்ல குளிர் அடிக்க வேண்டும், அந்தக் குளிர் பட்டால்தான் மொட்டு பிடிக்கும் என்று விளக்கினார். ஐந்தாறு வருஷமாகக் குளிர் குறைந்துகொண்டே வந்ததைத் தன் உடம்பே சொன்னது என்றார். முன்பு காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் இங்கே நிற்க முடியாதாம். ராத்திரிக் குளிர் எத்தனை டிகிரி என்ற கட்டம் என் கண்முன் வந்தது. வருஷத்துக்கு வருஷம் அந்த எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதை நான்தான் தட்டினேன். அந்தத் தாளையும் பழத் தாளையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. குரங்குகள் போய்விட்டன, பழம் தின்னும் பறவைகள் எங்கே போயின என்று தெரியவில்லை, விதை விழாமல் புதுக் கன்று எங்கிருந்து வரும் என்று அவர் பேசிக்கொண்டே போனார். பெரிய மரங்கள் எல்லாம் ஜோராக நிற்பதால் கீழேயிருந்து பார்க்கிற யாருக்கும் எதுவும் தெரியாது என்றார்.

"நல்லவேளை, விடாம மாசாமாசம் எழுதிக் கொடுத்தேன்," என்றார். "மேடம் பார்த்திருக்காங்க. அதான் திங்கக்கிழமை கூப்பிட்டிருக்காங்க. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா என் தாளைப் பத்திப் பேசக் கூப்பிடுறாங்க."

எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திங்கட்கிழமை வரை மறைத்து வைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன் என்பதையும் ஒளிக்க மாட்டேன். தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையோடு அவர் அந்த அறைக்குள் போய் நிற்பதை நினைத்தேன். அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையை, கிளினிக் சீட்டை, சிவப்புக் கட்டத்தை, மேடத்திடம் சொன்ன வார்த்தையை. ஒன்றையும் விடவில்லை.

"கோடா போட்டே?" என்றார்.

"ஆமாங்க."

"பதினோரு மாசமும்?"

தலையாட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி, அழுது, எப்படியோ ஒரு வழியாகியிருக்கும். அவர் பைனாகுலரை என் கையிலிருந்து வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இன்னும் பத்து மரம் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். பத்தையும் அதே நிதானத்தோடு பார்த்து முடித்தார். இறங்கும்போது பத்தடி முன்னாலேயே போனார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தண்ணீர், சாப்பாடு என்பதற்கு மேல் பேச்சில்லை.

திங்கட்கிழமை அவருக்கு முன்னால் நான் மேடத்தின் அறைக்குள் போனேன். பீரோவிலிருந்து எடுத்த அசல் தாள்களை மேஜையில் வைத்துக் கோடு போட்டவள் நான்தான் என்றேன். மேடம் முதலில் நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தார். பிறகு தாள்களை மாத வரிசையில் தரையில் பரப்பினார். ராத்திரிக் குளிர்க் கணக்கைப் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் குனிந்தே நின்றார். மேல்தடத்தில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை என்று போன மாதம்தான் வனத்துறைக்கு எழுதி அனுப்பியதாகச் சொன்னார்.

அவரை உள்ளே கூப்பிட்டு மேடம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். என்னைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். அது நியாயம்தான். ஆனால் ஒருமுறை திருத்தப்பட்ட கணக்கை வெளியில் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள் என்றார். அடுத்த சுற்றிலிருந்து இரண்டு பேர் போக வேண்டும். தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். இரண்டு தாளும் ஒத்துப்போனால்தான் இந்தப் பதினோரு மாதத்துக்கும் உயிர் வரும்.

"உங்க மனைவியையே கூட அனுப்புறேன்," என்றார் மேடம். "தாள் அவங்களுக்குத் தெரியும். கண்ணும் நல்லா இருக்கு. செஞ்ச தப்பை அவங்களே சரி பண்ணட்டும்."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். போகலாம் என்று சொல்லிவிட்டால் போதும், மாதம் பதின்மூன்று நாள் அவர் பின்னால் மலை ஏறத் தயாராக இருந்தேன். அவர் தரையில் கிடந்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது குரலில் கோபம் துளியும் இல்லை.

"வேணாம் மேடம்," என்றார். "நம்பகமான ஆளா வேற யாரையாவது கொடுங்க."